வீட்டுக்குள் அடைந்த நாட்களில் கைப்பேசிக்குள் ஏன் அத்தனை சண்டை?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: 2020 ஊரடங்கின்போது முப்பது பேர் கொண்ட ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழு, நேரில் ஒருநாளும் முகம் சுளித்துக்கொள்ளாத மனிதர்களின் சண்டைக்களமாக மாறியது. ஒரு ஃபார்வர்டில் தொடங்கிய வாக்குவாதத்தில் அத்தை மகனோடு முறிந்த பேச்சு இன்றுவரை ஒட்டவில்லை. இதற்கு வீட்டுக்குள் அடைந்து கிடந்ததுதான் காரணமா, அல்லது உள்ளுக்குள் இருந்த குணம்தான் வெளியே வந்ததா? இப்போது அவரிடம் பேசலாமா?

மனநல ஆலோசனைத் துறையில் இருக்கிறேன். அந்த மாதங்களில் தொலைபேசி வழியாக ஏராளமானவர்களோடு பேசியிருக்கிறேன். முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடைபட்டுக் கிடந்தது யாருடைய குணத்தையும் மாற்றிவிடவில்லை. ஆனால் இரண்டு காரியங்களை ஒரே நேரத்தில் செய்தது. நாள் முழுவதும் நமக்குத் தெரியாமலேயே நம் மனநிலையைச் சரிசெய்துகொண்டிருந்த சின்னச்சின்ன விஷயங்களைப் பறித்துக்கொண்டது. கூடவே, உறவு முழுவதையும் குரலும் முகமும் இல்லாத எழுத்துக்குள் தள்ளிவிட்டது. இவற்றில் ஒன்று மட்டும் நேர்ந்திருந்தால் பெரும்பாலான குடும்பங்கள் சமாளித்திருக்கும். எழுத்துக்குத் தனியாகக் குரல் கிடையாது; படிப்பவர்தான் தன் மனதிலிருந்து அதற்கொரு குரலைக் கொடுக்கிறார். படிப்பவரின் மனம் வாடியிருந்தால் எந்த வாக்கியமும் கடிந்துகொள்வதுபோலவே ஒலிக்கும். அன்று நடந்தது பெரும்பாலும் இதுதான் என்பது என் கருத்து.

2020 மார்ச் 22 ஞாயிறன்று மக்கள் ஊரடங்கு, 24ஆம் தேதி மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை, அன்றிரவே நாடு முழுவதற்குமான 21 நாள் முடக்க அறிவிப்பு என்று மூன்றே நாட்களில் எல்லோரும் வீட்டுக்குள் போனோம். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி அடைபடவில்லை. பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, ஊரில் தனியாக மாட்டிக்கொண்ட பெரியவர்கள் ஒரு வகை. ஓர் அறையும் சமையலறையுமான வீட்டில் ஆறு பேர் இருபத்துநான்கு மணி நேரமும் ஒருவர் மூச்சு ஒருவர்மேல் படும்படி இருந்தது இன்னொரு வகை. வாசலில் அறிவிப்பு ஒட்டப்பட்டு, சில தெருக்களில் தகரம் வைத்தும் மறைக்கப்பட்டு, பக்கத்து வீட்டார் ஜன்னலைச் சாத்திக்கொண்ட வீடுகள் மூன்றாவது வகை. முதல் வகையினருக்குப் பேச ஆளில்லை. இரண்டாம் வகையினருக்குத் தனியாக அழக்கூட இடமில்லை. மூன்றாம் வகையினருக்கு அவமானமும் சேர்ந்துகொண்டது. மூவரும் கையில் எடுத்தது ஒரே கருவியை. ஒரே குழுவுக்குள் மூன்று விதமான வேதனைகள் ஒன்றையொன்று அறியாமல் எழுதிக்கொண்டிருந்தன என்பதை முதலில் மனதில் கொள்ள வேண்டும்.

நாம் பறிகொடுத்தவற்றில் பெரியது, நாம் பொருட்படுத்தியே இராத ஒன்று. காலையில் டீக்கடையில் நின்று பேசும் நான்கு பேர், கீரைக்காரம்மா, பேருந்தில் தினமும் பார்த்துத் தலையசைக்கும் நடத்துநர், அலுவலக வாசலில் ‘சாப்பிட்டாச்சா சார்’ என்று கேட்கும் காவலாளி ஆகியோரை நாம் உறவென்று சொல்வதில்லை. சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இத்தகைய பிணைப்புகளை வலுவற்ற இணைப்புகள் என்று வகைப்படுத்தி, புதிய செய்திகளும் வாய்ப்புகளும் அவற்றின் வழியாகத்தான் வருகின்றன என்று காட்டினார். ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ராம், எலிசபெத் டன் என்ற உளவியலாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு, அப்படிப்பட்டவர்களோடு வழக்கத்தைவிட அதிகமாகப் பேசிய நாட்களில் மனிதர்கள் கூடுதல் மகிழ்ச்சியை உணர்ந்ததாகச் சொல்கிறது. இது எப்படி என்பதை நம் அனுபவத்திலேயே பார்க்கலாம். வீட்டில் ஒரு மனத்தாங்கலோடு கிளம்புகிறவர் டீ மாஸ்டரிடம் அதே முகத்தைக் காட்ட முடியாது. பழக்கத்துக்காக இரண்டு வார்த்தை பேசுகிறார், எதிரில் இருப்பவர் ஏதோ சொல்ல மெல்லச் சிரிக்கிறார், வீட்டுக்குத் திரும்பும்போது அந்த மனத்தாங்கலில் பாதி எங்கோ உதிர்ந்திருக்கிறது. யாரும் ஆறுதல் சொல்லவில்லை, ஆனாலும் ஆறியிருக்கிறது. ஊரடங்கில் டீக்கடை மூடியது. மே 11 முதல் திறக்க அனுமதி கிடைத்தபோதும் பார்சல் மட்டுமே. வாங்கிக்கொண்டு போகலாம், நின்று பேச முடியாது. டீ கிடைத்தது, அதோடு கிடைத்துக்கொண்டிருந்த மற்றது கிடைக்கவில்லை.

மனிதத் தொடர்புக்கான ஏக்கம் பசியைப் போன்றது என்று சொல்வது வெறும் உவமை அல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 40 பேரை ஒருநாள் பத்து மணி நேரம் யாரோடும் தொடர்பில்லாமலும், இன்னொரு நாள் பத்து மணி நேரம் உணவில்லாமலும் இருக்கச் செய்து அவர்களது மூளையைப் படம்பிடித்தார்கள். உண்ணாத நாளில் உணவின் படத்துக்கும், தனித்திருந்த நாளில் மனிதர்கள் கூடியிருக்கும் படத்துக்கும் நடுமூளையின் ஒரே பகுதி ஒரே மாதிரி கிளர்ச்சியடைந்தது. ஆய்வு நடந்தது பெருந்தொற்றுக்கு முன்பே என்றாலும், முடிவு வெளியானது 2020 நவம்பரில். வெறும் பத்து மணி நேரத்துக்கே இப்படியென்றால், வாரக்கணக்கில் கிடந்தவர்களை எண்ணிப் பாருங்கள். பசித்தவன் கையில் கிடைத்ததைத் தின்பான். அது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்க மாட்டான். அந்த நாட்களில் மணிக்கு முப்பது தடவை கைப்பேசியை எடுத்துப் பார்த்ததைச் சோம்பேறித்தனம் என்று பலர் தங்களையே திட்டிக்கொண்டார்கள். எனக்கு அது பசியாகத்தான் தெரிந்தது.

அடுத்தது நேரம். அலுவலகம் கிளம்பும் அவசரம், பள்ளிப் பேருந்தின் ஹாரன், வெள்ளிக்கிழமைக் கோயில், ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடை என்று நாளுக்கும் வாரத்துக்கும் இருந்த அடையாளக் கற்கள் எல்லாம் காணாமல் போயின. காலை வெயில் கண்ணில் படுவதுதான் உடலின் உட்கடிகாரத்தை அன்றாடம் திருகிச் சரிசெய்கிறது. அது இல்லாமல் போகும்போது தூக்கம் பின்னுக்குத் தள்ளிப் போகிறது, தூக்கம் கெட்டவுடன் பொறுமை கெடுகிறது. நீண்ட அடைப்பு மனிதர்களை என்ன செய்கிறது என்று பார்ப்பதற்கென்றே மாஸ்கோவில் ஒரு பெரிய சோதனை நடந்தது. 2010 ஜூன் முதல் 2011 நவம்பர் வரை, செவ்வாய்க் கிரகப் பயணத்தின் ஒத்திகையாக, ஆறு ஆண்கள் 520 நாட்கள் மூடிய கலத்துக்குள் வாழ்ந்தார்கள். அவர்களது நடமாட்டம் குறைந்தது, சிலருடைய தூக்க ஒழுங்கு குலைந்தது, ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் தென்பட்டன. நம் கேள்விக்கு மிக நெருக்கமான செய்தி இனிமேல்தான் வருகிறது. கலத்துக்குள் ஒருவரோடொருவர் நேர்ந்த பிணக்குகளைவிட, வெளியே இருந்த கட்டுப்பாட்டு மையத்தோடு நேர்ந்த பிணக்குகளையே அவர்கள் சுமார் ஐந்து மடங்கு அதிகமாகக் குறிப்பிட்டார்கள். அந்த மையத்தோடு அவர்கள் பேசியதும் பயணத்தின் பெரும்பகுதியில் நேருக்கு நேராக அல்ல, செயற்கையாகப் புகுத்தப்பட்ட தாமதத்தோடு போய் வந்த செய்திகள் வழியாகத்தான்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. உடன் இருப்பவர் மீது கோபப்பட்டால் இன்றிரவு அவர் கையால்தான் சாப்பிட வேண்டும், அல்லது அவருக்குத்தான் பரிமாற வேண்டும். மிஞ்சிப்போனால் பாத்திரத்தைக் கொஞ்சம் ஓசைப்படக் கீழே வைக்கலாம், அதற்குமேல் துணிச்சல் வராது. அதனால் கோபம் ஆபத்தில்லாத திசையைத் தேடுகிறது, தூரத்தில் இருப்பவரைத் தேடுகிறது. ஒரே அறையில் கணவரோடும் மாமியாரோடும் நாற்பது நாள் அடைந்திருந்த ஒரு பெண், குழுவில் நாத்தனார் போட்ட ஒரு சமையல் படத்துக்காகப் பொங்கி எழுந்தார் என்றால், அந்தக் கோபம் புறப்பட்ட இடம் படமாக இருக்காது. இடம் மாறிப் பாய்ந்த கோபம் அது.

இவற்றோடு முடிவு தெரியாத நிலையும் சேர்ந்துகொண்டது. ஏப்ரல் 14 என்றார்கள், பிறகு மே 3, பிறகு மே 17, பிறகு மே 31. சென்னைக்கும் சுற்றுப்புற மாவட்டங்களுக்கும் ஜூன் 19 முதல் 30 வரை மறுபடியும் முழு முடக்கம். தனிமைப்படுத்தலின் உளவியல் விளைவுகளைப் பற்றிய முந்தைய ஆய்வுகளில் 24 கட்டுரைகளைத் தொகுத்து, லண்டனைச் சேர்ந்த சமந்தா புரூக்ஸ் குழுவினர் 2020 பிப்ரவரியில் லான்செட் இதழில் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டிருந்தார்கள். நாட்களின் நீளம், தொற்று பற்றிய அச்சம், சலிப்பு, தேவையான பொருட்கள் கிடைக்காமை, தெளிவான தகவல் இல்லாமை, வருமான இழப்பு, அக்கம்பக்கத்தாரின் ஒதுக்கல் ஆகியவற்றை அவர்கள் துன்பத்தின் காரணங்களாக அடையாளம் காட்டினார்கள். எத்தனை நாள் என்று சொன்னீர்களோ அத்தனை நாளோடு நிறுத்துங்கள், நீட்டிக்காதீர்கள் என்பதும் அவர்களது முக்கியமான பரிந்துரைகளில் ஒன்று. 2003இல் டொரண்டோவில் சார்ஸ் பரவியபோது தனிமைப்படுத்தப்பட்ட 129 பேரை ஆராய்ந்தபோது, பத்து நாளுக்கு மேல் அடைபட்டவர்களிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த அறிகுறிகள் கூடுதலாகவே காணப்பட்டன. நீட்டிக்காமல் இருந்திருக்க முடியுமா என்பது வேறு விவாதம். நோயைப் பார்த்தால் முடிந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு நீட்டிப்பு அறிவிப்பின்போதும் எங்களுக்கு வந்த அழைப்புகளின் தொனி மாறியதை என்னால் காதால் கேட்க முடிந்தது. முதல் 21 நாளில் பயம் பேசியது. மே மாதத்தில் எரிச்சல் பேசியது. ஜூனில் பலர் பேசுவதற்கே அலுத்துப்போயிருந்தார்கள்.

மனநிலையைப் பற்றி இவ்வளவு போதும். இனி எழுத்துக்கு வருவோம். இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். அதில் தவறு செய்தவன் நான்தான்.

ஏப்ரல் இரண்டாவது வாரம். எங்கள் குடும்பக் குழுவில், கும்பகோணம் பக்கம் தனியாக இருந்த என் சித்தப்பா இரவு 10:50க்கு ஒரு செய்தியை அனுப்பினார்: இன்றிரவு பதினொரு மணியிலிருந்து ஹெலிகாப்டரில் மருந்து தெளிக்கப் போகிறார்கள், யாரும் வெளியே வர வேண்டாம், மாடியில் காயும் துணிகளை எடுத்துவிடுங்கள் என்று. அந்த நாட்களில் பல ஊர்களின் பெயரில் சுற்றிவந்த அப்பட்டமான வதந்தி அது. பகல் முழுவதும் இதுபோன்ற வதந்திகளால் கலங்கியவர்களோடு பேசிக் களைத்திருந்த நான், ‘சித்தப்பா, அனுப்புவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் யோசிக்கக் கூடாதா?’ என்று எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன். என் காதில் அது செல்லமான கேலியாகத்தான் ஒலித்தது. சிறு வயதிலிருந்து அவரோடு அப்படித்தான் பேசி வளர்ந்தவன் நான். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. நடுவில் யாரோ என் செய்திக்குக் கீழே ஒரு கட்டைவிரலைப் போட்டு வைத்தார்கள். காலை ஐந்தேகாலுக்கு, ‘இனிமேல் யோசித்தே அனுப்புகிறேன் ஐயா’ என்று அவரிடமிருந்து வந்தது. அந்த ‘ஐயா’வைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. ‘பெரியவங்க கிட்ட பேசுற முறையா இது?’ என்று அத்தை கேட்டார். ‘பொய்யைப் பொய்னு சொல்லக் கூடாதா?’ என்று அத்தைக்கு என் தம்பி பதில் கொடுத்தான். பத்து மணிக்குள் சித்தப்பா குழுவிலிருந்து வெளியேறியிருந்தார்.

இதை ஆய்வு மொழியில் சொல்ல முடியும். ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் மின்னஞ்சலில் எழுதியது கிண்டலா நிஜமா என்பதைப் பெறுகிறவர் 78 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். உண்மையில் சரியாக இருந்தது 56 சதவீதம்தான். நாணயத்தைச் சுண்டிவிட்டுச் சொன்னாலே ஐம்பது வந்துவிடும். அதே வாக்கியங்களைக் குரலில் சொன்னபோது எதிர்பார்ப்புக்கும் உண்மைக்கும் இருந்த இடைவெளி மிகச் சிறியதாகிவிட்டது. எழுதும்போது நம் குரல் நம் தலைக்குள் ஒலித்துக்கொண்டே இருப்பதால், அது எழுத்தோடு சேர்ந்து போய்விட்டது என்று நம்பிவிடுகிறோம். போவது எழுத்து மட்டும்தான். அந்தப் பக்கம், இருபது நாளாக யாரோடும் பேசாத ஒரு மனிதர், இருட்டில், தன் மனதில் அப்போது எந்தக் குரல் இருந்ததோ அந்தக் குரலில் அதைப் படித்துக்கொள்கிறார். சித்தப்பா படித்தபோது அதில் கேட்டது என் குரல் அல்ல. வயதானவன் எதற்கும் உதவாதவன் என்று அவருக்குள்ளேயே அந்த மாதம் முழுவதும் முணுமுணுத்துக்கொண்டிருந்த குரல். தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் கொஞ்சம் கூடுதல். ‘வாங்க’ என்பதை நீட்டிச் சொன்னால் வரவேற்பு, வெட்டிச் சொன்னால் வெறுப்பு. ‘சரி’ என்பதற்கு எத்தனை பொருள் என்று எண்ண முடியாது. திரையில் எல்லாம் ஒரே ‘சரி’தான், அதுவும் முற்றுப்புள்ளியோடு வந்தால் பெரும்பாலோர் பயந்துவிடுகிறார்கள்.

நேரில் சொல்லத் துணியாததை இணையத்தில் மனிதர்கள் ஏன் சொல்கிறார்கள் என்பதை ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004இல் விளக்கினார். பெயர் தெரியாமை, முகம் தெரியாமை, பதில் உடனே வராமை, எதிராளியைத் தன் மனதுக்குள்ளேயே கற்பித்துக்கொள்ளுதல் முதலான காரணங்களை அவர் அடுக்கினார். குடும்பக் குழுவில் பெயர் தெரியாமைக்கு இடமே இல்லை. மற்ற மூன்றும் தாராளமாக உண்டு. அவர் சொல்லாத இன்னொன்றையும் நான் சேர்ப்பேன். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் இரண்டு மாமன்களுக்கு இடையே வாக்குவாதம் முற்றும்போது யாராவது வந்து ‘பந்தி போட்டாச்சு, எழுந்திருங்க’ என்பார்கள். இலைக்கு முன்னால் உட்கார்ந்தபின் சண்டை தொடர்வது அரிது. குழந்தை அழும், மின்சாரம் போகும், அக்கா ஒருத்தி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். நம் சண்டைகளைத் தீர்ப்பது பெரும்பாலும் சமாதானப் பேச்சு அல்ல, இத்தகைய குறுக்கீடுகளே. கைப்பேசிக் குழுவில் பந்திக்கு அழைக்க ஆள் இல்லை. அதைவிட மோசம், சொன்னது காற்றோடு போவதில்லை. மண்டபத்தில் மாமா சொன்னதை மறுநாள் ஆளுக்கொரு விதமாக நினைவு வைத்திருப்பார்கள், அந்தக் குழப்பமே மன்னிப்புக்கு வழிவிடும். குழுவில் தேதி, மணி, நிமிடத்தோடு அது அப்படியே நிற்கிறது, மேலே தள்ளித் தள்ளி மறுபடி மறுபடி படிக்கலாம். வேறு வேலையே இல்லாத நாட்களில் மக்கள் அதைத்தான் செய்தார்கள்.

ஃபார்வர்டுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவற்றை அறியாமையின் அடையாளமாக மட்டும் பார்த்தது படித்தவர்கள் செய்த பிழை. கையாலாகாத நிலையில் பிறருக்குச் செய்யக்கூடிய உதவியாகப் பலருக்கு அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. கபசுரக் குடிநீர்க் குறிப்பை நாற்பது பேருக்கு அனுப்பியவர் நாற்பது பேரின் நலத்துக்கு ஏதோ செய்துவிட்ட நிம்மதியோடு தூங்கினார். அது பரப்பிய தீங்கு உண்மை, அந்த நிம்மதியும் உண்மை. பலமுறை பகிரப்பட்ட செய்திகளை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று வாட்ஸ்அப் நிறுவனம் 2020 ஏப்ரல் 7 அன்று கட்டுப்பாடு விதித்ததும், அத்தகைய பகிர்வுகள் 70 சதவீதம் குறைந்ததாக அம்மாத இறுதியில் அறிவித்தது. வதந்தி குறைந்தது நல்லது. அனுப்பியவரின் தனிமை அதனால் குறைந்திருக்காது.

சண்டையைவிட என்னை அதிகம் வருத்தியது துக்கம்தான். இறுதிச் சடங்குக்கு இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதி இருந்தது. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். நம் வழக்கத்தில் துக்கம் கேட்பது என்பது வார்த்தையால் ஆவதே அல்ல. போய்த் திண்ணையிலோ தரையிலோ உட்கார வேண்டும், கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், பெண்கள் கட்டிக்கொண்டு அழ வேண்டும், கடைசியில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வர வேண்டும். இதில் பேச்சுக்கு இடம் மிகக் குறைவு. அதை எழுத்தாக மாற்றியபோது ‘ஆழ்ந்த இரங்கல்’ என்ற இரண்டு சொற்கள்தான் கிடைத்தன. தாயை இழந்த ஓர் இளைஞர் என்னிடம் சொன்னார்: குழுவில் அறுபத்திரண்டு இரங்கல் வந்தன, அறுபத்துமூன்றாவதாக யாரோ தான் கலக்கிய டல்கோனா காபியின் படத்தைப் போட்டார்கள். அவர் அந்த உறவினரை ஓராண்டு மன்னிக்கவில்லை. படம் போட்டவர் கல்நெஞ்சர் அல்ல. துக்கம் நடந்த வீடும் காபி கலக்கிய வீடும் ஒரே திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஊரில் இருந்திருந்தால் அந்தத் தெருவுக்குள் நுழையும்போதே குரல் தானாகத் தாழ்ந்திருக்கும்.

காணொலி அழைப்பு இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தது, ஓரளவு சோர்வையும் கொடுத்தது. நாள் முழுவதும் அருகில் தெரியும் முகங்கள், கூடவே தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம், அசையாமல் உட்கார்ந்திருத்தல், சைகைகளை வலிந்து காட்டியும் கவனித்தும் ஆக வேண்டிய மன உழைப்பு என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் அதற்கான காரணங்களைப் பட்டியலிட்டார். ஆனால் பேரனின் முகத்தைப் பார்க்க வாரம் முழுவதும் காத்திருந்த பாட்டிகள் யாரும் அதில் சோர்வடைந்ததாக என்னிடம் சொன்னதில்லை.

இவ்வளவையும் படித்துவிட்டு எல்லோரும் நொறுங்கிப் போனார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பெருந்தொற்றின் முதல் ஆண்டில் உலக அளவில் பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் அதிகரித்ததாக உலகச் சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் தெரிவித்தது. இளையோரும் பெண்களும் அதிகம் பாதிக்கப்பட்டதாகவும் அது சொன்னது. அதே நேரத்தில், தொடக்க மாதங்களில் தனிமையுணர்வு பெரிதாகக் கூடவில்லை என்று அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. வயதானவர்கள் இளையவர்களைவிட மன அமைதியோடு இருந்தார்கள் என்று லாரா கார்ஸ்டென்சன் குழுவினர் 2020இலேயே காட்டினார்கள். என் அனுபவத்திலும், வகுப்பில் கேலிக்கு ஆளாகிவந்த சில மாணவர்களுக்கும், கூட்டத்தைக் கண்டாலே வியர்க்கும் சிலருக்கும் அந்த மாதங்கள் உண்மையான விடுதலையாக இருந்தன. அவர்களுக்குத் துன்பம் தொடங்கியது பள்ளியும் அலுவலகமும் திறந்த பிறகுதான். ஆகவே, அடைப்பு அனைவரையும் ஒரே அச்சில் வார்த்துவிடவில்லை. ஏற்கெனவே இருந்த கடன், நோய், மனக்கசப்பு ஆகியவற்றை அது அழுத்தியது, அவ்வளவே.

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள், போட்டித் தேர்வுக்காக அறையை விட்டு வெளியே வராதவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்ள வீட்டோடு கிடப்பவர்கள் ஆகியோருக்கு இன்றும் இதே நிலைமைதான். அவர்களுக்கு நான் சொல்வது மிக எளிது. காலையில் அரைமணி நேரம் வெயில் படும்படி நடங்கள், முடிந்தால் பால் வாங்குவதையாவது இணையத்தில் செய்யாமல் கடையில் போய் வாங்குங்கள். வாங்கும் பாலைவிட, வாங்கும்போது பேசும் இரண்டு வார்த்தைகள் முக்கியம். இரவு பத்து மணிக்குமேல் குழுவில் யாரையும் திருத்தாதீர்கள். திருத்தியே ஆக வேண்டுமென்றால் பொதுவில் அல்லாமல் தனியாக, அதுவும் அழைத்துப் பேசுங்கள். அழைத்தால் சங்கடமாக இருக்கும் என்று பலரும் தயங்குகிறார்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி ஆகியோரின் 2021ஆம் ஆண்டு ஆய்வும் இதே தயக்கத்தைப் பதிவு செய்திருக்கிறது. பேசி முடித்தபின் எதிர்பார்த்த சங்கடம் இல்லை என்பதையும், எழுத்தைவிடக் குரலே நெருக்கத்தைக் கூட்டியது என்பதையும் சேர்த்தே பதிவு செய்திருக்கிறது. எதிலும் பிடிப்பின்மை, தூக்கமின்மை, அழுகை, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை அடைப்பின் அலுப்பு என்று தள்ளிவிடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாவைப் பற்றிய எண்ணம் வந்தால் அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

சித்தப்பா கதையின் மீதியைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் அவரை அழைத்தேன். மன்னிப்புக் கேட்க ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் எதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. டீக்கடை மூடி எத்தனை நாளாயிற்று என்று கணக்குச் சொன்னார். ஐந்தரை மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, போக இடம் இல்லை என்றார். பிறகு, ‘எதையாவது அனுப்பினா நீங்க யாராவது ஒருத்தர் பதில் போடுவீங்க, அதுக்குத்தான்’ என்றார். வைப்பதற்கு முன், ‘அன்னிக்கு ராத்திரி மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன்டா, ஹெலிகாப்டர் ஒண்ணும் வரல’ என்று சொல்லிச் சிரித்தார்.

அத்தை மகனிடம் பேசலாமா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: பேசுங்கள், ஆனால் எழுதாதீர்கள். பழைய செய்தியைத் தோண்டி எடுத்து யார் முதலில் சொன்னது என்று பார்க்கவே வேண்டாம். அதில் இருப்பது நீங்கள் இருவரும் அல்ல, 2020இன் இரண்டு களைத்த மனிதர்கள். சாயங்கால வேளையில், அவர் வேலை முடித்துத் திரும்பும் நேரம் பார்த்து அழையுங்கள். முதல் அழைப்பை அவர் எடுக்காமல் போகலாம். அதற்கு எந்தக் குரலும் கொடுத்துவிடாமல், இரண்டு நாள் கழித்து மறுபடி அழையுங்கள்.